சம்மன் எட்டாத விலாசம்

என் கணவர் துபாய்க்குப் போன நான்காவது வருடம் பணம் அனுப்புவதை நிறுத்தினார். முதலில் ஒரு மாதம் தள்ளிப்போனது. அடுத்து பாதி வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. போன் எண்ணும் மாறிவிட்டது. காரமடையில் இருக்கும் அவருடைய அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்ககிட்டயும் பேசறதில்லீங்க அம்மிணி. வேலை ஜாஸ்தியாட்ட இருக்குது" என்றார்.

பேசாதவருக்கு வேலை ஜாஸ்தி என்பது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு அப்படியெல்லாம் கேட்க வராது.

நான் குன்னூர் பஜாரில் ஸ்வெட்டர், கம்பளி விற்கும் ஒரு கடையில் பில் போடுகிறேன். வீடு வெலிங்டன் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகும் ஒரு சரிவில். மேல்மாடியில் வீட்டுக்கார அக்கா, படுகர் குடும்பம். கீழே இரண்டு அறையில் நானும் மகளும். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் தேயிலை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு நான்கு மணிக்கு வந்து, மேலே அக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு, அவர் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் வர ஏழு ஆகும்.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜீவனாம்சம் கேட்டு ஊட்டியில் மனுப் போட்டேன். எனக்கு வழக்கு நடத்தியவர் என் வயதுள்ள ஒரு வக்கீலம்மா. வெளிநாட்டில் இருப்பவருக்கு சம்மன் நேராகப் போகாது, டெல்லிக்குப் போய் அங்கிருந்து அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எட்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. அப்படி ஒருவர் அந்த விலாசத்தில் இல்லையாம்.

"ஆள் எங்க இருக்கறாருன்னு சரியாத் தெரியோணுமுங்க. போன் நம்பரை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கட்டடம், ரூம், கம்பெனி, ஏதாவது ஒண்ணு வேணும். ஆகாசத்துல நோட்டீஸ் ஒட்ட முடியாதுங்களே" என்றார் வக்கீலம்மா.

என் கணவர் ஒரு பெரிய ஓட்டலில் சமையல் பிரிவில் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டலை விட்டு அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது என்பது அந்த சம்மன் திரும்பியபோதுதான் தெரிந்தது.

அந்த வருடம் மகளின் பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு பார்சல் வந்தது. லீவில் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் மேட்டுப்பாளையத்தில் கொடுத்து, அங்கிருந்து பஸ் கண்டக்டர் மூலம் வந்து சேர்ந்தது. சாக்லேட், ஒரு கவுன், பெரிய போன் மாதிரி ஒரு டேப். வீட்டு வாடகைக்கு வழியில்லாத நேரத்தில் டேப் எதற்கு என்று எனக்கு ஆத்திரம். ஆனால் மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவளிடமே விட்டுவிட்டேன். மேலே அக்கா வீட்டு வைஃபை எங்களுக்கும் எட்டும். பாஸ்வேர்டை அவரே கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் மேசைக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் கிடையாது. சாமி படங்கள் வைத்திருந்த அலமாரியில், சீரியல் பல்புக்காகப் போட்டது ஒன்று இருந்தது. மகள் டேப்பை அங்கே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், நிறுத்தி வைத்து சார்ஜ் போட்டாள். அது அங்கேயே நின்றது.

ஒரு மாதம் கழித்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. வெளிநாட்டு எண். "கேஸ் போட்டவளுக்கு புது மிக்ஸி கேடா."

மிக்ஸி வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தவணைக்கு எடுத்தது. கடையில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். போகவில்லை.

பத்து நாள் கழித்து வேறொரு எண்ணிலிருந்து: "அந்த மஞ்சள் நைட்டி உனக்கு எடுப்பா இல்ல."

நைட்டி போட்டுக்கொண்டு நான் படி ஏறியதில்லை. காய வைத்ததும் வீட்டுக்குள்ளேதான். மழைக்காலத்தில் இங்கே யாரும் வெளியே துணி போடமாட்டார்கள். எழுந்து போய் ஜன்னல் தாழைச் சரிபார்த்தேன். 

மூன்றாவது மெசேஜ்தான் என்னை உலுக்கியது. காலையில் மகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். "காலண்டர்ல நேத்தைய தேதி கிழிக்கல." அவ்வளவுதான் இருந்தது. நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். தினசரி காலண்டரில் முந்தின நாள் தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், சீலிங் பலகை விலகியிருந்த மூலையில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு ஆளையா, ஒரு ஓட்டையையா? மகள் சாக்ஸ் போட்டுக்கொண்டே, "என்னம்மா தேடறே?" என்றாள். "எலி" என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் வந்து போகக்கூடியவர் மேல்வீட்டு அக்கா ஒருவர்தான். சாவி அவரிடம் இருக்கிறது. என் கணவருடைய அண்ணன் ஒருமுறை வந்தபோது அவரோடு நின்று பேசியிருக்கிறார். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ச் சாவியைக் கேட்டேன்.

"ஏனு, ஊருக்கு எங்கியாச்சும் போறியா?"

"இல்லீங்க அக்கா. எங்க ஊட்டு விஷயமெல்லாம் துபாய் வரைக்கும் போகுது. சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

அக்கா அடுப்பில் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மறுத்தோ, கோபித்தோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அமைதியையே நான் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நாங்கள் படியில் எதிரே வந்தாலும் பேசவில்லை. வைஃபையை மட்டும் அவர் நிறுத்தவில்லை. மகளிடம் ஒரு சாவி கொடுத்து, நேராக வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நான்கிலிருந்து ஏழு வரை அவள் தனியாக இருந்தாள்.

மெசேஜ் நிற்கவில்லை.

ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். பூட்டை மாற்றினேன். வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகினேன். பனி இறங்கும் மாதங்கள் அவை. இரண்டு மணிக்கே தேயிலை மறைந்து, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்றும் இல்லாமல் ஆகிவிடும். அந்த வெள்ளைக்குள் யாரோ நின்று பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் அதை விரட்ட முடியாது. ஒரு ஞாயிறு மதியம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மூச்சு விடும் சத்தம் கேட்டது. கனமான, ஈரமான மூச்சு. அரிவாள்மணையைக் கையில் எடுத்துக்கொண்டு திரையை விலக்கினேன். கண்ணாடியில் ஆவி படிந்து விலகியது. அதற்குப் பின்னால் பெரிய கறுப்புக் கண் ஒன்று. காட்டெருமை. வேலியில் படர்ந்திருந்த மேராக்காய்க் கொடியைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அதெல்லாம் சாதாரணம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் போன் மின்னியது. "எருமையப் பாத்தா இப்படி நடுங்கறே."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மேல்வீட்டு அக்கா குடும்பத்தோடு அன்று ஒரு கல்யாணத்துக்குப் பிக்கட்டி போயிருந்தார். மாடியில் ஆளே இல்லை. தூங்கும் குழந்தையைத் தவிர அந்த வீட்டில் யாரும் இல்லை. எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ, மெசேஜ்களை நானே கற்பனை செய்கிறேனோ என்று பயந்து, போனைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். எல்லாம் இருந்தன. சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்று கை கூப்பினேன். நின்றபடியே நெடுநேரம் அழுதேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் பெரிய மழை. பஜாரில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. கடை முதலாளி, நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டார். "பனி கெட்டியா இருக்கும்மா, பாத்துப் போங்க" என்றார். மழை விட்டு, நான் படி இறங்கும்போது நான்கரை இருக்கும். அடுத்த படி கண்ணுக்குத் தெரியாத பனி. எங்கள் பக்கம் கரண்ட் இருந்தது. ஜன்னல் திரையின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது.

கதவைத் தட்டக் கை ஓங்கியபோது உள்ளே ஒரு ஆணின் குரல் கேட்டது.

"ரெண்டு வாய் தண்ணி குடிச்சுட்டு எழுது கண்ணு."

என் கணவரின் குரல். ஐந்து வருடத்துக்கு மேலாக நேரில் கேட்காத குரல், தாழ் போட்ட என் வீட்டுக்குள்ளிருந்து, நிதானமாக, தினமும் பேசுகிறவரைப் போல.

 திரை ஒரு பக்கம் நான்கு விரல் குட்டை. சுவரோடு ஒட்டி நடந்து அதன் வழியாகப் பார்த்தேன். மகள் மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். பிறகு சாமி அலமாரியைப் பார்த்து, "குடிச்சிட்டேன்ப்பா" என்றாள்.

முருகன் படத்துக்குப் பக்கத்தில் டேப்பின் திரையில் அவர் முகம் இருந்தது.

நான் கதவை உடைத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதற்குக் காரணம் மகளின் முகம். அவ்வளவு இலகுவான முகத்தை நான் வேலை முடிந்து வரும் ஏழு மணிக்குப் பார்த்ததே இல்லை. கணக்கில் ஒரு விடை தப்பு என்று அவர் சொன்னார். அவள் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். அவர் எதையோ தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடி கொட்டியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. ஆறரை மணிக்கு, "அம்மா வர்ற நேரம். கண்ணை மூடிக்கறேன்" என்றார். திரை கறுத்தது. மகள் எழுந்து போய் டேப்பை ஒரு விரலால் லேசாகத் தள்ளி, அறை முழுவதும் தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அது அணையவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நான் திரும்ப ரோட்டுக்கு ஏறி, ஏழு மணி வரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, எப்போதும்போல வீட்டுக்குப் போனேன். எப்போதும்போல என்றால், கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றி, பையைக் கொக்கியில் மாட்டி, கைகால் கழுவி, சாமி அலமாரிக்கு விளக்கேற்றினேன். கறுப்புத் திரையில் என் முகமும் தீக்குச்சியும் தெரிந்தன.

மறுநாள் மதியம் வக்கீலம்மாவிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, குழந்தையைக் கவனிப்பதற்காக என்றே அப்படி ஒரு ஆப் உண்டு, திரை இருட்டாக இருந்தாலும் அந்தப் பக்கம் எல்லாம் தெரியும், கேட்கும் என்று சொன்னார். டேப்பை அனுப்பும் முன்பே என் கணவர் அதைப் போட்டிருப்பாராம்.

"இதையே போலீஸ்ல சொல்லலாமுங்க. ஆனா சொன்னா அவர் உஷாராயி ரூமை மாத்திடுவாரு. மறுபடி முதல்ல இருந்து. நீங்க அவரைப் பாத்தீங்கல்ல, பின்னால என்ன தெரிஞ்சுது?"

"கட்டில்."

"இன்னொரு தடவை பாருங்க. அவர் எங்க இருக்கறாருன்னு அந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கும்."

மூன்று நாளைக்கு மட்டும் மதியமே வீட்டுக்குக் கிளம்பப் பாயிடம் அனுமதி கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு கம்பளியைப் பிரித்து மடித்து, திரும்பவும் பிரித்தார். "போயிட்டு வாங்கம்மா" என்றார்.

மூன்று நாளும் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே திருடியைப் போல நின்றேன். ஈரத் தேயிலையில் சேலை ஓரம் நனைந்தது. அட்டை ஏறியது. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்தேன். அடுக்குக் கட்டில். ஏறுவதற்கு நீல ஏணி. கொக்கியில் ஒரு வெள்ளைக் கோட்டு. அதன் பையில் சிவப்பு எழுத்துகள். அவர் எழுந்து நகர்ந்தபோது பின்னால் ஒரு ஜன்னல், அதில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அறையில் இன்னும் மூன்று பேர் வந்து போனார்கள். ஒருவர் அவரைத் தாண்டிக் கட்டிலில் ஏறினார். சொந்த அறை, தலைமை சமையல்காரர் என்று ஊரில் சொன்னதெல்லாம் பொய். இரண்டாம் நாள் அவர் பேசிக்கொண்டே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் பென்சிலைச் சீவினாள். நான் வெளியே நின்று, மனைவியாக இருந்த நாட்களில் பார்த்ததைவிட அதிக நேரம் அவரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"கண்ணு, ஜன்னலுக்கு வெளிய யாரோ நிக்கற மாதிரி இருக்குது."

மகள் திரும்பினாள். நான் சுவரில் ஒட்டினேன்.

"எருமையா இருக்கும்ப்பா" என்றாள்.

கோட்டின் சிவப்பு எழுத்துகள் கடைசிப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தன. பாயின் மச்சான் துபாயில் டீக்கடை வைத்திருந்தார். பாய் படங்களை அனுப்பினார். இரண்டே நாளில் பதில் வந்தது. தொழிலாளர் முகாம்களுக்கு மொத்தமாகச் சமைத்து அனுப்பும் ஒரு கம்பெனியின் கோட்டு அது. அவர்கள் தங்குமிடத்துக்கு மச்சானே டீ போட்டு அனுப்புகிறாராம். வாசலில் இருந்த காவலாளியிடம் பேசிக் கட்டட எண், அறை எண் வரை எழுதி அனுப்பியிருந்தார்.

புதிய விலாசத்துக்கு சம்மன் போக ஏற்பாடாயிற்று. வக்கீலம்மா ஒன்றே ஒன்று சொன்னார். அது கையில் சேரும் வரை அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது.

அது நான்கு மாதம் எடுத்தது. அந்த நான்கு மாதத்தைப் பற்றி நான் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே அதற்கு முன்னால் வாழ்ந்தேன். குளியலறையில் உடை மாற்றினேன். தினமும் காலையில் தவறாமல் காலண்டர் கிழித்தேன். வேண்டுமென்றே மகளிடம் உரக்க, "ஸ்கூல் ஃபீஸுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்குது சாமி" என்பேன். அன்று இரவோ மறுநாளோ மெசேஜ் வரும்: "நடிக்காதே." பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். பனி ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. இப்படியே நான் எழுந்திருக்காமல் போனால்கூட அங்கே ஒருவருக்கு உடனே தெரிந்துவிடும் என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மகளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரே அறையில், ஒரே ரகசியத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு சோறு தின்றோம்.

சம்மன் அவர் கைக்குப் போன அன்று எனக்குத் தகவல் இல்லை. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மகள் மூலையில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொள்ள அன்று அவர் மறந்திருந்தார்.

"உன்னத்தான நம்புனேன். யார்கிட்ட சொன்னே? ரூம் நம்பர் எப்படித் தெரிஞ்சுது?"

நான் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு நேராக அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் பேச்சு நின்றது.

"அவளைக் கேக்காதீங்க. நான்தான் பாத்தேன்" என்றேன். "ஜன்னல்ல நின்னு, மூணு நாள்."

"நீ பாத்தியா?"

"நீங்க ஒரு வருஷம் பாத்தீங்க. நான் மூணு நாள்."

"நான் உன்னையப் பாக்கல. புள்ளையத்தான் பாத்தேன். எனக்கு அதாவது வேண்டாமா?"

"புள்ளையப் பாக்கறவருக்கு என் நைட்டி எதுக்குங்க?"

 பின்னால் யாரோ ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த ஊடு எப்படி இருக்குன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரலை" என்றார். குரலில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"புள்ளைகிட்டத் தினமும் பேசுங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா அவளுக்குச் சோறு போடறதுக்குக் கோர்ட்டுல வந்து பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். டேப்பை ஒரு துண்டில் சுற்றி, மறுநாள் வக்கீலம்மாவிடம் ஒப்படைத்தேன்.

மகள் என்னோடு பல நாள் சரியாகப் பேசவில்லை. அப்பா மாட்டிக்கொண்டது தன்னால்தான் என்று அவளுக்கு. ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, "அப்பாவும் ஒளிஞ்சு பாத்தாரு. நீயும் ஒளிஞ்சு பாத்தே. என்கிட்ட யாருமே கேக்கல" என்றாள்.  "தப்புத்தான் சாமி" என்றேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன்.

மேல்வீட்டு அக்காவிடம் போக எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. வாசலில் நின்றே நடந்ததையெல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பீன்ஸ் உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்பது மாசம் நீ என் படியில தலையக் குனிஞ்சுட்டுப் போனே. நான் என்ன பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பிரஷர் ஏறிப்போச்சு" என்றார். பிறகு, "சாவியக் கொண்டா. குழந்தை தனியா இருக்க வேண்டாம்" என்று கையை நீட்டினார்.

வழக்கு விசாரணைக்கு என் கணவர் வீடியோவில் வந்தார். அதே நீல ஏணி பின்னால் தெரிந்தது. நீதிபதி சம்பளத்தைக் கேட்டபோது மிகக் குறைத்துச் சொன்னார். கம்பெனிக் கடிதத்தைக் கேட்டபோது உண்மை வந்தது. மாதாமாதம் இவ்வளவு என்று தீர்ப்பானது. மூன்று மாதம் ஒழுங்காக வந்தது. நான்காவது மாதம் நின்றது. வக்கீலம்மா அசரவில்லை. காரமடையில் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இரண்டு கடைகள் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் என் கணவர் பங்கை ஜப்தி செய்யக் கேட்டு மனுப் போட்டார். வாடகைக்காரர்கள் கைக்கு நோட்டீஸ் போன அன்றே அண்ணன் போன் செய்தார். "ஏனுங்க அம்மிணி, இதை முன்னாடியே பேசித் தீத்திருக்கலாமே" என்றார்.  அதற்குப் பிறகு பணம் நிற்கவில்லை. பாக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது.

இந்த வருடம் கோடையில் என் கணவர் லீவில் வந்தார். மகளைப் பார்க்க வேண்டும் என்று வக்கீலம்மா மூலமாகக் கேட்டிருந்தார். ஒரு பகல் வரலாம், அக்கா கூட இருப்பார் என்று சொல்லி அனுப்பினேன். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்ததே அவர் வெளிநாடு போன பிறகுதான். அவர் இதில் காலடி வைத்ததே இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நிலைப்படி தாழ்வானது; புதிதாக வருகிற எல்லோரும் தலையை இடித்துக்கொள்வார்கள். அவர் பார்க்காமலே குனிந்தார். மகள் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து, அடுப்பு மேடையின் மூலையில், துணி மூடி வைத்திருந்த கூடைக்குள் கையை விட்டு ஒரு டம்ளரை எடுத்தார். பானைக்கு மேல் இருந்த தட்டை எடுத்து எப்போதும் நாங்கள் வைக்கிற பக்கத்தில் வைத்து, தண்ணீர் மொண்டு குடித்தார். கை கழுவப் போனபோது குளியலறை விளக்கின் சுவிட்ச் எங்கே என்று கேட்கவில்லை. அது உள்ளே இல்லை. வெளியே பீரோவின் பின்னால் இருக்கிறது. கை நேராக அங்கே போயிற்று.

அக்கா என்னைப் பார்த்தார். 

தான் எதையும் கேட்காமலே எடுத்தது என் கணவருக்குத் தெரியவே இல்லை. மகளின் தலையைத் தடவி, மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். படியேறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். மகளும் அசைத்தாள். பனி அதிகம் இல்லாத நாள். ரோடு வரை அவர் முதுகு தெரிந்தது.

சாயங்காலம் மகள் அடுப்பு மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, எல்லாத்தையும் எடம் மாத்தி வெக்கலாமா?"

இருவரும் சேர்ந்து மாற்றினோம். பானையை எதிர்ப் பக்கம் தள்ளினோம், டம்ளர் கூடையை மேல் தட்டுக்கு ஏற்றினோம், பீரோவை நகர்த்தினோம். அடுத்த ஒரு வாரம் நாங்கள் இருவரும் தண்ணீர் குடிக்கப் போய், ஒன்றும் இல்லாத மூலையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தோம்.